இரண்டாவது வாக்குமூலம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, ஒரு வரியில் அடங்காது, வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்பார், சாப்டியா, வேலை எப்படி என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு என்னிடம் நீட்டிவிடுவார், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எதைப் பேசுவது. தண்ணீர் மோட்டார் மறுபடியும் போய்விட்டது. பக்கத்து மனையில் மாடி கட்டுகிறார்கள், காலையிலிருந்து கம்பி இறக்குகிற சத்தம், ஒவ்வொரு கட்டு விழும்போதும் உன் அப்பா பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வாரத்தில் நாலு நாள் சாப்பாட்டுத் தட்டு கதவுக்கு வெளியேதான். போன மாதம் கேஸ்காரர் சிலிண்டரை டமாரென்று இறக்கியதும் உன் அப்பா அவருடைய சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்திவிட்டார். பாவம் அந்த மனுஷன், "பரவாயில்லம்மா, எங்க மாமாவும் பட்டாளத்துக்காரர்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் இப்போது சிலிண்டரை வாசல் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார், நான்தான் உள்ளே உருட்டிக்கொண்டு வருகிறேன். அறுபத்து நாலு வயதில் எனக்கு இது ஒரு உத்தியோகம். களைத்துப் போய்விட்டேன், கண்ணு.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய்வந்தோம். முழங்கால் போனவர்கள் வருகிற அலுவலகத்தை லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் வைத்த புண்ணியவானை ஒரு நாள் நேரில் பார்க்கவேண்டும். மனநலச் சிகிச்சையும், வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஒரு நர்சும் தருவார்களாம், ஆனால் மருத்துவக் குழு அவரைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். அங்கேதான் உன் அப்பா காரியத்தைக் கெடுத்தார். முதல் நாளே ஷூவுக்குப் பாலிஷ், சட்டைக்கு இஸ்திரி. பெயரைக் கூப்பிட்டதும் முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, மாப்பிள்ளை முறுக்கோடு விறைப்பாக உள்ளே நடந்தார். தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டால் "நல்லா இருக்கு சார்", கோபம் வருமா என்றால் "இல்ல சார்", நடுங்குகிற கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் வாயைத் திறந்தால் ஒரு பார்வை. குறை எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இது இரண்டாவது தடவை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏன் இப்படி என்று கேட்டேன். "உடம்பு முடியலன்னு நான் சொன்னா என் காவலுக்கு வேற ஒருத்தன் நிக்கணும்" என்றார். பட்டாளத்தை விட்டு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, இப்போது உங்கள் காவலுக்கு நான்தான் நிற்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

அந்த அலுவலகத்தில் ஆலோசகராக ஒரு பெண் இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், நல்ல பெண். "இவங்க யாருமே உள்ள போய் உண்மையச் சொன்னதில்லம்மா, அதுக்குத்தான் குடும்பத்தார் வாக்குமூலம்னு ஒரு படிவம் வச்சிருக்கோம்" என்றாள். மனைவி ஒன்று, பிள்ளை ஒன்று, இரண்டும் வேண்டுமாம். என்னுடையதை மூன்று நாள் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனேன். படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இது அவருக்குப் பொண்ணு பாக்க எழுதின மாதிரி இருக்கு" என்றாள். குடிக்கமாட்டார், பொறுப்பானவர், யாரிடமும் கைநீட்டாதவர் என்று பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். வீட்டு விஷயம் வீட்டோடு என்று இருந்தே பழகிவிட்டது, பேனாவும் அப்படியே ஓடுகிறது. மறுபடி எழுதிக் கொடுத்தேன், இந்தத் தடவை சிலிண்டரும் தட்டும் எல்லாம் வந்துவிட்டது. அடுத்த மாதம் பதினாலாம் தேதி குழு உட்காருகிறது. மூன்று தடவைக்கு மேல் பார்க்கமாட்டார்களாம், இதுவும் போனால் அவ்வளவுதான்.

இனி உன்னுடையதுதான் பாக்கி. உன்னிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை, உன்னிடம் கேட்கும் முன் அவரிடம் சொன்னேன், வேண்டாம் என்று சொல்லிவிடுவார், நானும் தப்பித்துக்கொள்ளலாம் என்று. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த சட்டையையே பிரித்துப் பிரித்து மடித்தார். பிறகு, "பாப்பாவ எழுதச் சொல்லு, அவ கையை ஒடச்சது நான்தான்னு எழுதச் சொல்லு" என்றார். உனக்கு அப்போது ஒன்பது வயது, அவர் லீவில் வந்திருந்தார், மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தவரை டீ குடிக்க எழுப்பப் போய்த் தோளைத் தொட்டாய், கண்ணைத் திறக்காமலே உன் கையைப் பிடித்து முறுக்கிவிட்டார். மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லச் சொல்லி உன்னைப் பழக்கினேன். டாக்டரிடம் அதுதான், பள்ளிக்கூடத்தில் அதுதான், அவரிடமும் அதையேதான் சொன்னேன், தூக்கத்தில் நடந்தது அவருக்குத் தெரியாது என்றே இருபத்து நாலு வருஷமும் நிம்மதியாக இருந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் இரண்டு பேருக்காகத் தெரியாதவர்போல் இருந்திருக்கிறார். அவர் ஏன் உன்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அடுப்படியில் போய் அழுதேன், வேறென்ன செய்ய.

ஆகவே எழுது. அவருக்காக எதையும் மழுப்பாதே. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது அம்மா என்பதையும் சேர்த்து எழுது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, பத்தாம் தேதிக்குள் கிடைக்கும்படி நேராக அலுவலக முகவரிக்கே அனுப்பு, முகவரி பின்பக்கம் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, குட்டியைப் போட்டு அதட்டாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும். எழுதியதை அனுப்பும் முன் எனக்குப் படித்துக் காட்டாதே, எதையாவது அடிக்கச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா