விட்டுப் படித்த இரண்டு பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நான் கவனித்துக்கொள்ளும் டீச்சரம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. தினமும் மத்தியானம் அவருக்கு ஒரு நாவல் வாசித்துக் காட்டுகிறேன். விக்டோரியா ராணி காலத்துக் கதை, தலையணை கனம். கௌரவம் பார்க்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. நேற்று, தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட தங்கை வாசலில் வந்து நிற்க, அண்ணன் கதவைச் சாத்தும் இடம் வந்தது. இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.

"என்னப்பா, கதவைச் சாத்துறதை முழுங்கிட்டே?" என்றார். அவருக்கு அந்தக் கதை மனப்பாடமாம். திரும்பப் புரட்டி வாசித்தேன்.

"அவ வாசப்படிய மிதிச்சீங்கன்னா எனக்கு அம்மாவே இல்ல" என்று, தங்கச்சி அப்படிக் கல்யாணம் செய்துகொண்டபோது உங்களிடம் சொன்னவன்தானே நான்? கதையில் அவன் தங்கையை மட்டும்தான் வெளியே நிறுத்தினான். நான் உங்களையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். நினைத்தால் கூசுகிறது, அம்மா.

இங்கே குழந்தைகளுக்கு நல்ல ஷூ கிடைக்கிறது. தங்கச்சி மகளின் பாதத்தை ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். ஆள் விட்டு வரைந்து வாங்க வேண்டாம், நீங்களே போய் வரையுங்கள்.

டீச்சரம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். தங்கச்சி முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்தினால் வருத்தப்படாதீர்கள். அது எனக்குச் சேர வேண்டியது.

உங்கள் மகன்