வெப்சைட்டில் அம்மா

அம்மாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

திட்டமாட்டாய் என்றால் ஒன்று சொல்கிறேன். எங்கள் போட்டோ ஸ்டூடியோ வெப்சைட்டுக்கு ஆட்களை வரவழைப்பதுதானே என் வேலை? கல்யாணப் படங்களாகப் பளபளவென்று போட்டும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று, மூடாத பெட்டிமேல் ஏறி உட்கார்ந்த என்னைப் பார்த்து நீ கரண்டியும் கையுமாகச் சிரித்தாயே, அப்போது நான் எடுத்த படத்தைப் புதுப் பக்கத்தில் சும்மா வைத்துப் பார்த்தேன். அப்புறம் அதை நீக்க மறந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஓயாமல் போன். "எங்கம்மாவையும் இதே மாதிரி எடுத்துத் தருவீங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பக்கத்திலிருந்து நீக்கிவிடலாம் என்று போனால், "அந்தப் படத்து மேல கை வச்சே, தொலைச்சிடுவேன்!" என்கிறார் முதலாளி. ஆமாம், அந்தச் சாயம்போன நைட்டியோடுதான். ஊரே பார்த்தாயிற்று, இனி திட்டி என்ன பிரயோஜனம்?

"அந்தம்மா யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறாங்க?" என்றும் கேட்கிறார்கள். "படம் எடுத்தவனைப் பார்த்துத்தான்" என்று சொல்லிவிட்டு, சட்டென்று ரேட் பேச ஆரம்பித்துவிடுகிறேன்.

அப்பாவிடம் சொல்லி இன்னொரு படம் எடுத்து அனுப்பு. தலை வாராதே, நைட்டியை மாற்றாதே. இது வெப்சைட்டுக்கு அல்ல.

போன் அடிக்கிறது, போகிறேன்.

உன் மூத்தவன்