மருந்தடிக்காத வரிசை

ஓவேலி
12.8.2004

அன்புள்ள மாமாவுக்கு, சுகந்தி வணக்கத்துடன் எழுதுவது. நானும் நம் பிள்ளை மனிஷாவும் நலம். திருப்பூர்ச் சூட்டில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

தேயிலை விலை இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆனால் நம் எஸ்டேட் கைமாறப்போவது உறுதி. வாங்கும் கம்பெனியின் கணக்கு அதிகாரி ரோஸ்மேரி மேடம் கோவையிலிருந்து வந்திருந்தார். மழையில் பரவும் கொப்புள நோயைத் தாங்கும் புதுத் தேயிலைக்காக நீங்கள் போட்ட சோதனைப் பாத்தியைக் காட்ட என்னைத்தான் அனுப்பினார்கள். பாதியில் நின்ற ஆராய்ச்சி, வெறும் செலவு, பிடுங்கிவிடலாம் என்று அவருடன் வந்தவர்கள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள்.

அங்கே போனால் கூத்து! ஒப்பிட்டுப் பார்க்க நீங்கள் மருந்தடிக்காமல் விட்ட பழைய ரக வரிசை மொட்டையாக நிற்கிறது. வருகிறவர்கள் கண்ணில் நோய்ச்செடி பட்டால் எஸ்டேட் மானம் போய்விடும் என்று சூப்பர்வைசர் ஆறுச்சாமி அண்ணன் முந்தின நாளே கவாத்து செய்துவிட்டார். பாதைக் கற்களுக்குச் சுண்ணாம்பு வேறு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேடம் கோபப்படவில்லை. ஏனுங்கண்ணா, வெட்டுன தழைய எங்க போட்டீங்க என்று கேட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைப் பக்கம் அவரே இறங்கினார். அட்டை கடித்ததைக்கூடப் பார்க்கவில்லை. குவியலிலிருந்து கொப்புளம் விழுந்த கொழுந்தைப் பொறுக்கி வந்து, உங்கள் செடியின் கொழுந்தோடு சேர்த்து வைத்தார். உங்கள் செடிக்கும் யாரும் மருந்தடிக்கவில்லை, ஆனால் கொழுந்தில் ஒரு புள்ளிகூட இல்லை. இத்தனை மழைல இது எப்படிங்க என்று அவர் வியந்தபோது, உங்களை நினைத்து நெஞ்சு நிறைந்துபோனது.

பழைய கம்பெனி இதை வருஷாவருஷம் செலவென்றே எழுதி முடித்துவிட்டதாம். ஆனால் இன்னொருவர் எஸ்டேட்டையே விலைக்கு வாங்கும்போது, பாதியில் நின்ற ஆராய்ச்சியும் வாங்கிய சொத்துதான், அதற்கும் மதிப்புப் போட்டே ஆகவேண்டும் என்று மேடம் தம் ஆட்களிடம் அடித்துச் சொன்னார். பாத்தி பிழைத்தது மாமா! அப்படியொரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்தார். வேலையைக் கைவிட்டால் அந்தச் சொத்தை நஷ்டமென்று எழுதித் தள்ளிவிடுவார்களாம். முடித்துக் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டார்.

சம்பளம் நின்ற அன்று, இனி இந்த மலை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினீர்கள். நான் மறக்கவில்லை. ஆனாலும் உங்களைக் கேட்காமல், இருக்கிறார், வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் கம்பளியை அடுப்போரம் உலர்த்தி வைத்திருக்கிறேன். மாரியம்மன் துணையிருப்பாள். பதில் எழுத வேண்டாம், வாருங்கள்.

உங்கள்
சுகந்தி