ரோபோவுக்கு வைத்த பொட்டு

திண்டிவனம்
20.10.2019

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. சியோலில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அத்தைக்குப் பள்ளிக்கூட வேலை போய்விட்டது. ஒன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்த உங்கள் கம்பெனி ரோபோ வந்தபோது, நீயே வந்து பிள்ளைகளின் முகங்களை அதில் பதிந்தாயே, விளையாட்டாக அத்தை முகத்தையும் பதிந்துவிட்டுப் போனாய். அன்றிலிருந்து காலையில் அவள் வகுப்பைப் பெருக்கப் போனால் அது குட் மார்னிங் தையல்நாயகி என்று சொல்லும். அங்கே மற்ற எல்லோருக்கும் அவள் ஆயாதான். எங்க கலை செஞ்ச பொம்மைக்குத்தான் என் பேரு தெரியுது என்று காய்கறிக்காரியிடம்கூடச் சொல்லுவாள். ஆயுத பூஜைக்கு வேன், மணி, பீரோ எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை ரோபோவை விடுவாளா, நெற்றி நிறையச் சந்தனம் அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டாள். கேமரா அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள். விடுமுறை முடிந்து திறந்தபோது சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, அது ஒரு பிள்ளையையும் கண்டுகொள்ளவில்லை. தாளாளர் மாசிலாமணி, பொட்டு வைக்க அது இன்னா மாட்டு வண்டியா, நாளைலேர்ந்து வராத என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். விழுப்புரத்தில் அவர் வீட்டுக்கே போய்ப் பேசிப் பார்த்தேன், பலனில்லை.

சென்னையிலிருந்து ஆள் வந்து சரி செய்த பிறகு, அங்கே விட்டிருந்த சாப்பாட்டுத் தூக்கை எடுக்க அத்தை போனாள். வேலையை விட்டு நின்றவர் முகத்தை ரோபோவிலிருந்து அழித்துவிட்டார்களாம், அது அவளுக்குத் தெரியாது. நேராக அதன் எதிரே போய் நின்றிருக்கிறாள். ஹூ ஆர் யூ என்றதாம். வாசலில் நின்று கேட்டுக் கேட்டு அவ்வளவு இங்கிலீஷ் அவளுக்கும் வரும். பிள்ளைகளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு ஐ ஆம் தையல்நாயகி என்றிருக்கிறாள். நைஸ் டு மீட் யூ என்றதாம். தூக்கை மறந்து வெறுங்கையோடு வந்தவள், தம்பி, அதுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, கலைகிட்ட சொல்லிடு, பாவம், புள்ள கவலைப்பட்டுக்கினு இருக்கும் என்றாள்.

தாளாளருக்கு நீ ஒரு வரி எழுதினால் நல்லது. அத்தை கேட்க மாட்டாள், நான் கேட்கிறேன். வெளியே போனால் காதை மூடிக்கொள். எந்த ஊரில் இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக வாழ வேண்டும். போன் செய்தால் காலையில் செய்யம்மா. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்கு அத்தை புடவை மாற்றித் தலை வாரிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அப்பா,
பெரியதம்பி