புனல்வாய்த் துவக்கு

பெரியப்பா,

இந்த மடலில் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப் போகிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி அப்பா கேட்டார். அன்பானவர், அமைதியானவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். இது மற்றப் பாதி.

உரிமம் உங்கள் பெயரில் மட்டும் இருந்ததால், இன்று காலை இரண்டு பொலிஸ்காரர் வந்து உங்கள் துவக்குகளைக் கொண்டுபோனார்கள். கராஜில் இருந்த இரும்பு அலுமாரியை அப்பா திறந்ததும் ஆளிவிதை எண்ணெயின் வாசம் வந்தது. மரப்பாகங்களுக்கு நீங்கள் துணியில் தொட்டுப் பூசுகிற எண்ணெய். அந்த வாசத்தில் என் இடது புருவம் இழுத்துக்கொண்டது. தையல் போட்ட இடம்.

பழைய இராணுவத் துவக்குகளை ஏன் வாங்கிச் சேர்க்கிறீர்கள் என்று, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த ரோவிலில், எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். “சிலர் முத்திரை சேர்க்கினம், நான் இதைச் சேர்க்கிறன்” என்பீர்கள். உண்மையான காரணம் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஊரில் ஒரு விடியற்காலை இராணுவச் சுற்றிவளைப்பில், உங்களுக்குப் பதினைந்து வயதில், உங்கள் ஐயாவை, என் அப்பப்பாவை, வீட்டு வாசலில் முழங்காலில் இருத்தினார்கள். ஒரு கட்டைத் துவக்கின் முனை அவர் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. முனை புனல் போல விரிந்திருந்தது. “ஐயா” என்று நீங்கள் கத்தியபோது துவக்கின் பின்கட்டையால், சோங்கால், உங்கள் முகத்தில் அடி விழுந்தது. கன்னத்து எலும்பு உடைந்தது, நான்கு பற்கள் போயின. நீங்கள் கண் திறந்தபோது ஐயா இல்லை. அவர் இருந்த இடத்தில் மண் ஈரமாக இருந்தது.

புனல்வாய்த் துவக்கு வைத்திருந்தவனின் முகம் உங்களுக்கு நினைவில்லை. அதனால் துவக்கைத் தேடினீர்கள். அது எந்த வகை என்று தெரிந்தால், அவனைப் பிடித்துவிட்ட மாதிரி.

சனிக்கிழமைகளில் சேகரிப்பாளர் சந்தைக்கு என்னையும் கூட்டிப்போவீர்கள். நான் துவக்குகள் பற்றிய நூலகப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வருவேன். தாடிக்காரக் கிழவர் ஒருவர், “டோட்டரா, மேற்?” என்று, நான் உங்கள் மகளா எனக் கேட்டார். “நோ மேற், மை லோயர்” என்று புத்தகக் கட்டைக் காட்டி என்னை வக்கீலாக்கினீர்கள். அவர் சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது. அவரிடம்தான் அந்தக் கட்டைத் துவக்கை வாங்கினீர்கள். ஐந்தாம் இலக்கக் கார்பைன். நாற்பது வருடங்களுக்குப் பிறகு, புனல்வாய். காரில் வரும்போது, சிவப்பு விளக்கில் நின்ற ஒவ்வொரு முறையும் திரும்பிப் பின் இருக்கையில் கிடந்த அதைப் பார்த்தீர்கள்.

மறுநாள் மத்தியானம் கராஜில் நீங்கள் அதைக் கழற்றினீர்கள். நான் புத்தகத்தை விரித்து வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். உண்மையான கார்பைனில் எடை குறைக்கக் குழலின் அடியில் உலோகத்தைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். இதில் சுரண்டல் இல்லை. புனலை முளையாணியால் இறுக்கியிருக்க வேண்டும். இதில் திருகாணி. சோங்கின் அடியில் ரப்பர் இருக்க வேண்டும். இதில் பித்தளைத் தகடு. யாரோ ஒரு நீள ரைபிளை வெட்டி, புனலைப் பூட்டி விற்றிருக்கிறார்கள்.

“பெரியப்பா, இது ஃபேக்!” என்றேன்.

“சும்மா இரு.”

“இல்லை, பாருங்கோ. ரப்பரே இல்லை. உங்களை ஏமாத்திப்போட்டினம்.”

“இதாலதான் அடிச்சவன். எனக்குத் தெரியும். நீ புத்தகத்தை மூடு.”

நான் மூடவில்லை. சரியான விடை கிடைத்த சந்தோஷம் எனக்கு. சிரித்தேன். உண்மையாக எழுதுவதாகச் சொன்னேன், ஆகவே அதையும் எழுதுகிறேன். சிரித்துக்கொண்டே, “நீங்கள் கண்டதே பிழையாயிருக்கும்” என்றேன்.

நீங்கள் துவக்கைத் தூக்கினீர்கள். அலுமாரியில் அடிக்கப்போய் என்னில் பட்டது என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். இல்லை. நீங்கள் என்னைத்தான் அடித்தீர்கள். சோங்கு நேராக என் முகத்துக்கு வந்தது. உங்கள் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் கைகளுக்கு இடம் தெரிந்திருந்தது. புத்தகத்தின் மேல் என் இரத்தம் விழுகிற சத்தம் கேட்டது. மழைத்துளி விழுகிற மாதிரித்தான்.

நான் நிலத்தில் கிடந்தேன். நீங்கள் முழங்காலில் இருந்து, என் நாடி எலும்பைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினீர்கள். துணி எடுக்கவில்லை. வெட்டைப் பார்த்தீர்கள். மேலே நேராகப் போய், கீழே நகம் போல வளைகிற வெட்டு. உங்கள் மற்றக் கை, அதே மாதிரி வளைந்த உங்கள் கன்னத்துத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது.

“ரப்பர் இப்பிடி வெட்டாது” என்றீர்கள், மிக மெதுவாக. பிறகு, “அப்ப இன்னொருத்தன் நிண்டிருக்கிறான்” என்றீர்கள்.

அன்று ஊரில் உங்கள் கண்கள் ஐயாவின் நெஞ்சில் இருந்த புனலையே பார்த்தன. அடி பக்கத்தில் நின்ற வேறொருவனின் பித்தளைத் தகட்டிலிருந்து வந்தது. அடித்தவனை நீங்கள் காணவே இல்லை. நாற்பது வருடங்களாக ஒருவனை வெறுத்தீர்கள், அவர்கள் இரண்டு பேர். அது எனக்கும் அங்கேயே, இரத்தத்துக்கு நடுவே விளங்கியது. நீங்கள் எழும்பிப் போய் இரும்பு அலுமாரியில் நெற்றியை அடித்தீர்கள். ஒரு முறை, இன்னொரு முறை. நான் உங்கள் சேட்டின் முதுகுப்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். “காணும் பெரியப்பா, போதும்” என்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் தாதி என்னைத் தனியே வைத்து மூன்று முறை கேட்டார். தடுக்கி விழுந்து மேசை விளிம்பில் அடிபட்டது என்று மூன்று முறையும் சொன்னேன். வெளியே கதிரையில் இருந்த உங்களுக்கு அது கேட்டது. நீங்கள் மறுத்துச் சொல்லவில்லை. அடியைவிட அதுதான் எனக்கு நொந்தது.

அதன்பிறகு நீங்கள் அலுமாரியைத் திறக்கவில்லை. என் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் தேநீர் கொண்டுவந்தால் கோப்பையைப் பார்த்து “வை பிள்ளை” என்பீர்கள். நான்காவது மாதம் நெஞ்சு வலியென்று படுத்தீர்கள், எழும்பவில்லை. நீங்களும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியாது. ரயிலில் யார் முகத்திலாவது தழும்பைக் கண்டால் அதன் விளிம்பு எப்படி வளைகிறது என்று பார்க்கிறேன். அந்தப் பழக்கம் போகாது போலிருக்கிறது.

பொலிஸ் போன பிறகு அப்பா கராஜைக் கூட்டிக்கொண்டிருந்தார். என் புருவத்து வெட்டு எப்படி வந்தது என்று நான் போய்ச் சொன்னேன். அவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார்.

“கை தவறியோ?”

“இல்லையப்பா. வேணுமெண்டுதான்.”

அவர் வெறும் அலுமாரியின் கதவை மூடினார்.

“அம்மாவுக்குச் சொல்லாதை” என்றார்.

“சொல்லுவன்.”

“அண்ணா செத்துப்போனார் பிள்ளை.”

“ஓம். நான் இருக்கிறன்தானே.”

அப்பாவின் வாய் கோணியது. என் புருவத்தைத் தொட வந்த விரல் பாதியில் நின்றது. “சரி, வா. நானும் பக்கத்தில நிக்கிறன்” என்று, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் கதவைத் திறந்து, எனக்கு முன்னே வழிவிட்டார். நான் படியேறினேன். எனக்குப் பின்னால் அப்பா கராஜ் விளக்குகளை அணைத்தார்.