இரண்டாவது மிதவை

பெஹாலா, கொல்கத்தா
14-10-2025

அன்புள்ள சத்யாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். உன் துளசிச் செடி மட்டும் நான் ஊற்றுகிற தண்ணீரை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது. தினமும் போனில் பேசிக்கொண்டே கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் உனக்குக் கோபம் வருகிறது, நாலாவதில் நான் கத்துகிறேன், ஐந்தாவதில் சஹானா கதவை அறைகிற சத்தம் விசாகப்பட்டினத்திலிருந்து பெஹாலா வரைக்கும் கேட்கிறது. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. தயவுசெய்து கடைசி வரை படி.

நேற்று முன்தினம் நம் நீச்சல் ஸமிதியில் எனக்கு உத்தரீயம் போர்த்தினார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொடியில் ஈரத் துண்டு பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஏன் போர்த்தினார்கள் என்று சொல்ல வேண்டுமானால் செப்டம்பர் ஏழாம் தேதிப் போட்டியிலிருந்து தொடங்க வேண்டும். உனக்கு அது தெரிந்த கதைதான். ஆனால் நீ கேட்டதெல்லாம் சஹானா சொன்னது. படகில் இருந்தவன் நான்.

ஜோகா தாண்டி இருக்கிற பெரிய ஏரியில் மூன்று கிலோமீட்டர் நீச்சல். ஆறு மணி என்று நோட்டீஸ் அடித்தார்கள், சிறப்பு விருந்தினர் ஏழே காலுக்கு வந்தார். அதுவரை பிள்ளைகள் உடம்பெல்லாம் வாஸலின் பூசிக்கொண்டு சேற்றில் நின்றார்கள். பையன்கள் பிரிவில் விசில் ஊதுவதற்கு முன்பே நாலு பேர் குதித்துவிட்டான்கள். திரும்பக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். விருந்தினர் கைதட்டிவிட்டார், இனிமேல் எப்படிக் கூப்பிடுவது என்று செயலாளர் என்னையே கேட்டார். கொசுவத்திக்காரர்கள் கொடுத்த விளம்பர பலூனும் ஆரஞ்சு, திரும்புகிற இடத்தைக் காட்டும் மிதவையும் ஆரஞ்சு. வேறு நிறத்தில் கட்டுங்கள் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் இவர்களிடம் ஒரே பதில்தான், "ஹோயே ஜாபே". ஆகிவிடுமாம். எப்படி ஆகும், யார் ஆக்குவார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

சொந்தப் பெண் நீந்துகிற போட்டியில் அப்பன் நடுவனாக நிற்கக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தேன். வேறு ஆள் இல்லை பெங்கட்-தா, உங்களைவிட நேர்மையானவர் யார் என்று சொல்லிப் படகில் ஏற்றிவிட்டார்கள். நானும் ஏறினேன். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கித்தான் ஏறினேன் என்று இப்போது தோன்றுகிறது. பத்தொன்பது வருஷமாக என் பெயரை 'வ' போட்டுச் சொன்ன ஒரு வங்காளியை நான் பார்க்கவில்லை. அவர்கள் காதுக்கு 'வ' எல்லாம் பஸ்ஸில் வருகிற 'ப' தான். வெங்கடநாராயணன் பெங்கட்-தா, அதாவது பெங்கட் அண்ணா, ஆனது வேடிக்கை என்று நீயும் நானும் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்.

இரண்டாவது மிதவைக்கு அப்பால் எங்கள் படகு. துடுப்பு நிமாய்-தா கையில், சிவப்புக் கொடியும் எழுதுகிற அட்டையும் என் கையில். விதி உனக்குத் தெரியும். மிதவையைத் தாண்டிப் போன பிறகுதான் இடப்பக்கம் திரும்ப வேண்டும். முன்னாலேயே திரும்பினால் தூரம் மிச்சம், அதனால் தகுதி நீக்கம். சஹானா இருபது மீட்டர் முன்னால் வந்துகொண்டிருந்தாள். என்ன நீச்சல் அது! எதிரே வெயில், கண்ணாடியில் நீராவி. மிதவைக்குப் பத்துக் கைவீச்சு இருக்கும்போது சட்டென்று இடப்பக்கம் ஒடித்தாள். மிதவைக்கு உள்பக்கமாகவே போய்விட்டாள். நான் கொடியைத் தூக்கினேன், அட்டையில் எழுதினேன். கை நடுங்கவில்லை என்று பெருமைகூடப் பட்டேன். அதற்கு முந்தின நிமிஷம் நடந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை.

விசாரணையில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். படகிலிருந்து ஒரு ஆண்குரல் "பா, பா" என்றது, வங்காளத்தில் அதற்கு இடது என்று அர்த்தம், நான் வழி தவறி வெளியே போகிறேன் என்று நினைத்துத் திரும்பினேன் என்றாள். யார் குரல் என்று கேட்டார்கள். முகம் தண்ணீருக்குள், காது தொப்பிக்குள், தெரியவில்லை என்றாள். நிமாய்-தா கங்கைமேல் சத்தியம் செய்து, நான் வாயே திறக்கவில்லை என்றார். பிறகு என்னைக் கேட்டார்கள். "இடப்பக்கம் என்று யாரும் சொல்லவில்லை" என்றேன்.

சத்யா, அந்த வாக்கியத்தைப் பார். இருபத்திரண்டு வருஷம் ஆபீஸ் கோப்பில் குறிப்பு எழுதியவன் தயாரித்த வாக்கியம். பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

அதன் பலன் என்ன ஆயிற்று? பாதிப் பேர், தோற்ற பெண் சாக்குச் சொல்கிறாள் என்றார்கள். மீதிப் பேர், இரண்டாவதாக வந்த பிரியம்வதாவின் வீட்டார் நிமாய்-தாவைக் கையில் போட்டுக்கொண்டார்கள் என்றார்கள். அந்தக் குழந்தை பாவம், ஒழுங்காக நீந்தினதைத் தவிர ஒரு தப்பும் செய்யவில்லை. நிமாய்-தாவைப் படகைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஸமிதி கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், என்னைப் பார்த்தால் மட்டும் எழுந்து நிற்பார். இதில் முதலாவதாக வந்தால்தான் கங்கை நெடுநீச்சலுக்கு அனுப்புவார்கள், மூன்று வருஷம் விடிகாலையில் எழுந்து அதற்காகப் பழகின சஹானாவின் கையை விட்டு அந்த வாய்ப்புப் போயிற்று. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். உன்னிடம் கிளம்பி வந்த அன்று வாசலில் நின்று, பாபா, தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாமே என்றாள். எனக்கு அப்போது உண்மையாகவே கோபம்தான் வந்தது.

போன புதன்கிழமை தீபாவளிக்கு உனக்குப் புடவை எடுக்கலாம் என்று கரியாஹாட்டுக்கு மினி பஸ்ஸில் போனேன். உட்கார இடம் கிடைத்ததும் கண் அசந்துவிட்டது. யாரோ "வா! வா! வா!" என்று கூப்பிட்டார்கள். இதோ வந்துட்டேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு எழுந்து நின்றேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் தகரத்தில் அடித்து, வண்டியை இடப்பக்கம் ஒதுக்கச் சொல்லி டிரைவரிடம் "பா! பா!" என்று கத்திக்கொண்டிருந்தான். அரைத் தூக்கத்தில் அவனுடைய இடது எனக்கு 'வா' என்று கேட்டிருக்கிறது. அப்படியானால் என்னுடைய 'வா' இந்த ஊரில் பிறந்து வளர்ந்த என் பெண்ணுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். புடவை எடுக்கவில்லை, திரும்பிவிட்டேன்.

ஆமாம், சத்யா. நான்தான் கத்தினேன். அவள் முன்னால் வருவதைப் பார்த்ததும் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி, "வா! வா!" என்று கத்தினேன். நடுவன் பெயர் சொல்லி உற்சாகப்படுத்தக் கூடாது என்பது நினைவில் இருந்தது, அதனால் பெயரை மட்டும் விழுங்கினேன். என்ன நேர்மை பார்! நான் இடது என்று சொல்லவில்லை என்பது எனக்கு நிச்சயம். கத்தினதைச் சொன்னால் என் பெயர் கெடும் என்பதும் நிச்சயம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கத்திற்று, கெட்டது என்னவோ மற்ற இரண்டு பேர்.

மறுநாள் காலையில் நிமாய்-தாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. நீங்கள் உங்கள் பாஷையில் ஏதோ கத்தினீர்கள், கையை ஆட்டினதைப் பார்த்தேன், பெண்ணைக் கூப்பிடுகிறீர்கள் என்று புரிந்தது என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பா பெண்ணைக் கூப்பிட்டதை எப்படிப் புகாராகச் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டார். டீக்கு அவர்தான் சொன்னார்.

அன்றைக்கே எழுதிச் செயலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஞாயிறு முடியட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூஜைக்குப் பிந்தின பிஜயா கூட்டம். விழா மலரில் என் போட்டோவோடு "தந்தை நடுவரானபோது" என்று ஒரு பக்கம் அச்சாகிவிட்டதாம், இப்போது உண்மையைச் சொன்னால் முந்நூறு பிரதியை என்ன செய்வது? எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதனால் அவர்கள் உத்தரீயம் போர்த்தினதும் மேடையிலேயே மைக்கைப் பிடுங்கி, படகில் கத்தினவன் நான், என் பெண் பொய் சொல்லவில்லை, நிமாய்-தா குற்றவாளி இல்லை என்று சொன்னேன். என் வங்காளத்தின் லட்சணம் உனக்குத் தெரியும். பெண்ணுக்காகவும் படகுக்காரருக்காகவும் பழியைத் தானே ஏற்றுக்கொள்கிறார், என்ன பெருந்தன்மை என்று முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று தேங்காய் உருண்டைகூட அதிகமாகக் கொடுத்து அனுப்பினார்கள்!

கைதட்டாதவர் தலைமை நடுவர் தேவிப்ரியா-தி ஒருவர்தான். ஓரமாக அழைத்துப் போய் இரண்டே கேள்வி கேட்டார். என்ன வார்த்தை, எவ்வளவு தூரத்தில். நேற்று தீர்ப்பு எழுதி ஒட்டிவிட்டார். மிதவையை விட்டது விட்டதுதான், தகுதி நீக்கம் நிற்கும், முதலிடம் பிரியம்வதாவுக்கே. நிமாய்-தாவுக்குப் படகு திரும்பக் கிடைத்தது. நான் இரண்டு வருஷம் கொடி பிடிக்கக் கூடாது. சஹானாவுக்கு மறுபடி நீந்த ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று சண்டை போட்டேன். வேறு யார் பெண்ணாவது இப்படி ஏமாந்திருந்தால் இதே சண்டையைப் போடுவீர்களா என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. நோட்டீஸின் அடியில் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். "சஹானா கூறியது உண்மை. படகிலிருந்து குரல் வந்தது." இதை நான் கேட்கவில்லை, அவராகவே எழுதினார். இன்று காலையில் போய் அந்த வரியை உனக்காகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்.

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், அதனால் நீதான் இதைப் படித்துக் காட்ட வேண்டும். எனக்காகப் பரிந்து எதுவும் சேர்க்காதே. அங்கேயே படிக்கிறேன், இனி தண்ணீரில் இறங்க மாட்டேன் என்கிறாளாம். நீந்துவதும் நீந்தாததும் அவள் இஷ்டம். ஜாதவ்பூரில் அவள் கல்லூரி பூஜை விடுமுறை முடிந்து இருபத்திநாலாம் தேதி திறக்கிறது. ஹௌரா ஸ்டேஷனுக்கு நான் போய் நிற்பேன். அவள் வராவிட்டாலும் அன்றைக்குப் போய் நிற்பேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், இரவில் மோர் வேண்டாம். கடைசி வரியை மட்டும் அவளுக்கு நிதானமாகப் படித்துக் காட்டு. அன்றைக்குப் பெயரை விழுங்கிவிட்டுப் பாதியைத்தான் கத்தினேன், அதனால் வந்த வினை இவ்வளவும். இதை எந்த பாஷைக் காதாலும் இடது என்று கேட்க முடியாது.

சஹானா, வாம்மா.

இப்படிக்கு,
வெங்கடநாராயணன்