ஆறு கட்டங்களில் உன் புத்தகம்

இன்று காலை வார இதழின் குறுக்கெழுத்துப் பக்கத்தைத் திறந்ததும் கையிலிருந்த டீயைக் கொட்டிவிட்டேன். இடமிருந்து வலம்: பட்டாசுத் தொழிலாளர் வாழ்வைப் பாடிய பேராசிரியரின் கவிதைத் தொகுப்பு. அவர் பெயரும் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். வேண்டிய அளவு பெரிய எழுத்தில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. ஆறு கட்டங்கள். விடை, 'மழைநாள் கூலி'. உன் புத்தகம், புள்ள. நீ எழுதியது. நீ போய் இரண்டு மழைக்காலம்கூட முழுதாக முடியவில்லை.

நாம் வேலை பார்த்த நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் மழை வந்தால் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அந்த நாள்களில்தான் நாம் இருவரும் உன் வீட்டில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவோம். கவிஞர், தொகுப்பு என்று கேள்வி வந்தால் பேனாவைப் பிடுங்கிக்கொள்வாய். தெரியாததை நான் தாண்டிப் போனால் அதட்டுவாய்: "கட்டத்தக் காலியா விடாத புள்ள, வேற எவனாச்சும் எழுதிப்புடுவான்." கைக்கு வராத அந்தக் கூலியைப் பற்றித்தான் கவிதையும் எழுதினாய்.

உன் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய அந்தப் பேராசிரியரே அச்சுக்கும் ஆர்டர் கொடுத்தார். அதுவரை நல்லவர்தான். அச்சகத்துக்காரருடையதோ காலண்டர் அடித்துப் பழகிய கை. ஆர்டர் கொடுத்த கடையின் பெயர்தானே காலண்டரில் பெரிதாக இருக்கும்? அட்டையில் பேராசிரியர் பெயரைப் பெரிதாகப் போட்டு, உன் பெயரை அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டார். நான் சண்டைக்குப் போனேன்.

"ஆர்டர் குடுத்தவுக பேருதானம்மா பெருசா வரும்? எம்புட்டு வருசமா இப்படித்தான அடிக்கோம்" என்றார், கள்ளமே இல்லாமல்.

நீயோ என் கையைப் பிடித்து இழுத்தாய். "விடு புள்ள, புஸ்தகம் வந்துருச்சுல்ல." அன்றும் எனக்கு உன்மேல் கோபம்தான். இன்றும் தீரவில்லை.

அச்சகத்துக்காரர் தெரியாமல் செய்தார். பேராசிரியருக்குத் தெரியுமே! மேடைக்கு மேடை சால்வை வாங்கும்போது, எழுதியது நானில்லை என்று சொல்ல வாயில் கொழுக்கட்டையா? நீ போன பிறகு அவருக்கு இன்னும் வசதியாகிவிட்டது. காலையில் அவருக்கே போன் போட்டேன்.

"அவங்களே இல்லையேம்மா. இனிமே அதக் கிளறி என்ன ஆகப் போகுது?"

ஆள் போய்விட்டால் எழுதியது அடுத்தவர் சொத்தாகிவிடுமா? நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

கட்டங்களை நிரப்பிவிட்டேன், காலியாக விட்டால் நீ அதட்டுவாய். கேள்வியில் அவர் பெயரை அடித்து, மேலே உன் பெயரை எழுதி இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். திருத்தம் போடுவார்களோ மாட்டார்களோ. அடுத்த வாரம் விருதுநகரில் அவருக்குப் பாராட்டு விழாவாம். முன்வரிசையில் போய் உட்காரப் போகிறேன். நீ படாமல் விட்டுப்போன கோபம் அத்தனையும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் சால்வையோடு நிற்கும்போது எழுந்து ஒன்றே ஒன்று கேட்பேன்:

"ஐயா, மழை பேஞ்ச அன்னைக்கு நீங்க எந்தக் கம்பெனியிலருந்து கூலி இல்லாம வீடு திரும்புனீக?"